இருபத்தைந்து துளைகள்

1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிப் பித்துப் பிடித்த சிலர் கூடியிருந்தார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர். முந்தைய மாதம்தான் ஒருவர் வீட்டு கராஜில் அதைத் தொடங்கியிருந்தார்கள். அன்று ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன்னுடைய ஆல்டேர் 8800ஐக் கொண்டுவந்திருந்தார். கடையில் வாங்கி பிளக்கில் செருகுகிற சமாச்சாரம் இல்லை அது. உதிரி பாகங்களாகத் தபாலில் வரும்; நாமே உட்கார்ந்து சால்டர் செய்து முடிக்க வேண்டும். அறிமுக விலை 397 டாலர். அடிப்படை நினைவகம் 256 பைட். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். நிரலை ஒவ்வொரு பிட்டாகச் சுவிட்சைத் தட்டித்தான் உள்ளே ஏற்ற வேண்டும்.

டாம்பியர் அப்படித் தட்டித் தட்டி ஒரு நிரலை ஏற்றினார். பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸின் ‘ஃபூல் ஆன் தி ஹில்’ மெட்டு வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆல்டேரில் ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கரை மாட்ட இடமும் இல்லை. ஆனால் எந்த மின்சுற்று வேகமாக ஓடினாலும் அதிலிருந்து கொஞ்சம் ரேடியோ அலை கசியும். நம் வீட்டில் மிக்ஸி ஓடும்போது பழைய ரேடியோ கரகரக்குமே, அதே சங்கதி. நிரலில் ஒரு சுழல் எவ்வளவு சீக்கிரம் திரும்பத் திரும்ப ஓடுகிறதோ அதற்கேற்ப அந்தக் கரகரப்பின் சுருதி ஏறும், இறங்கும். டாம்பியர் சுழல்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து ஸ்வரங்களாக்கிவிட்டார். வெளியே பேச வாயே இல்லாத இயந்திரத்தை, அதன் இரைச்சலைக் கொண்டே பாட வைத்தார்.

தமிழில் இந்தக் காரியத்துக்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: நோண்டுவது. பெரும்பாலும் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். ‘எதையாவது நோண்டிக்கிட்டே இருக்காத.’ ‘கைய வச்சிக்கிட்டு சும்மா இரு.’ ரேடியோவையோ கடிகாரத்தையோ பிரித்துப் பார்த்துவிட்டு மூடத் தெரியாமல் முழித்த எல்லோருக்கும் இந்த வசனங்கள் பரிச்சயம். கணினியின் வரலாற்றை நோண்டுகிறவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். நான் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் எவ்வளவு ஆழம் வரை கைவைக்க எனக்கு அனுமதி? இன்று ஒரு மென்பொருள்காரன் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று யோசிக்கும்போது, ரேமும் ப்ராசசரும் தாண்டி, தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறான்.

மூடியும் ஸ்க்ரூவும்

ஹோம்ப்ரூ கிளப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். தன் ஆப்பிள் 1 கணினியின் சர்க்யூட் படத்தை நகலெடுத்து அங்கே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தவர். 1977இல் ஆப்பிள் 2 வந்தபோது அதன் மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம்; கையால் தூக்கினால் வந்துவிடும். உள்ளே எட்டு ஸ்லாட்டுகள். ஸ்டீவ் ஜாப்ஸ் இரண்டு போதும் என்றார்: ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று மோடத்துக்கு. மக்கள் எதை மாட்டப்போகிறார்கள் என்று நமக்கு இப்போது தெரியாது, அதனால் எட்டு வேண்டும் என்று வாஸ்னியாக் பிடிவாதம் பிடித்தார். அந்தத் தடவை அவர் ஜெயித்தார்.

ஏழு வருடம் கழித்து 1984இல் மெக்கின்டாஷ் வந்தது. அதில் ஸ்லாட்டே இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஆழமான குழிக்குள் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். அதற்கு நீளமான, சாதாரணமாக வீட்டில் இருக்காத டிரைவர் தேவை. உள்பக்கச் சுவரில் அதை உருவாக்கிய குழுவினரின் கையெழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. வாங்கியவர் திறக்கவே கூடாத பெட்டிக்குள் கையெழுத்து! அந்தப் பெட்டி யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியுமா?

இந்த இரண்டுக்கும் நடுவில், 1981 ஆகஸ்ட் 12 அன்று, ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. ஐந்து ஸ்லாட்டுகள். அதைவிட முக்கியம், கூடவே விற்கப்பட்ட தொழில்நுட்பக் கையேடு. முழு சர்க்யூட் படமும், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் வரிக்கு வரி மூலமும் அதில் அச்சாகியிருந்தன. ஐ.பி.எம். ஒன்றும் தர்மகர்த்தா இல்லை. மற்றவர்கள் தங்கள் இயந்திரத்துக்கு அட்டைகளும் மென்பொருளும் செய்தால்தான் அது விற்கும் என்ற கணக்கு. பயாஸ் நிரலின் காப்புரிமை தங்களைக் காப்பாற்றும் என்றும் நம்பினார்கள். காம்பேக் நிறுவனம் அதற்கும் வழி கண்டுபிடித்தது. அந்த நிரல் என்னென்ன செய்கிறது என்று ஒரு குழு விவரித்து எழுதியது. மூல நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு அந்த விவரிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. 1983இல் காம்பேக் போர்ட்டபிள் விற்பனைக்கு வந்தது. தூக்கிச் செல்லலாம் என்றார்கள். எடை சுமார் 13 கிலோ, அரை மூட்டை அரிசி.

அந்தக் கையேடு இல்லாவிட்டால் பி.சி. குலம் இவ்வளவு சீக்கிரம் பெருகியிருக்காது. நாம் இன்று வைத்திருக்கும் பெரும்பாலான லேப்டாப்புகள் ஏதோ ஒரு வகையில் அந்தக் கையேட்டின் பேரப்பிள்ளைகள்.

எட்டு விளக்குகள்

பி.சி.யின் பின்பக்கத்தில் ஒரு இணைப்பான் இருந்தது. இரண்டு வரிசையில் 25 துளைகள். பேரலல் போர்ட் என்பது முறையான பெயர். பிரிண்டர் போர்ட் என்றே எல்லோரும் சொல்வார்கள். பிரிண்டருக்கு எழுத்துகளை அனுப்ப வைத்தது. நோண்டுகிறவர்களின் பொற்காலம் இந்த 25 துளைகளுக்குள்தான் இருந்தது.

கணக்கு எளிமையானது. எட்டுத் துளைகள் தரவை வெளியே அனுப்ப. நான்கு, பிரிண்டரைக் கட்டுப்படுத்த. ஐந்து, பிரிண்டர் நம்மிடம் பேச: ‘பேப்பர் தீர்ந்துவிட்டது’, ‘வேலையாக இருக்கிறேன்’ மாதிரி. மீதி எட்டும் கிரவுண்ட். இரண்டாம் துளைக்கும் இருபத்தைந்தாம் துளைக்கும் நடுவே ஒரு எல்.இ.டி.யையும் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரையும் வைத்தால் போதும். டர்போ சி-யில் ஒரே வரி: பதினாறடிமான முறையில் 378 என்ற முகவரிக்கு 1 என்று அனுப்பு. விளக்கு எரியும். 0 அனுப்பு, அணையும். எட்டுத் துளைகளிலும் எட்டு எல்.இ.டி. வைத்து 255 அனுப்பினால் எட்டும் எரியும். 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்பினால் இரும எண்கள் கண்முன்னே விளக்குகளாக ஏறிப் போகும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் என்னவென்றால், நிரலில் எழுதிய 1க்கும் கம்பியில் வந்த 5 வோல்ட்டுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. டாஸ் இயங்குதளம் குறுக்கே வராது. டிரைவர் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. ஒரு மாறியின் மதிப்பு மாறினால் உலகத்தில் ஒரு பொருள் மாறும். எல்.இ.டி. இருந்த இடத்தில் ஒரு யூ.எல்.என். 2003 சிப்பும் ரிலேயும் வைத்தால் 230 வோல்ட் குண்டு பல்பு எரியும். ஸ்டெப்பர் மோட்டார் சுழலும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்த பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிலபஸில் 8085ம் 8051ம் இருக்கும். 8051 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52 சிப்பை ரிச்சி தெருவில் வாங்கி வரலாம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரெசிஸ்டர் முதல் டிரான்ஸ்ஃபார்மர் வரை எல்லாம் கிடைக்கிற, ஒரு ஆள் நடந்தால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய கடைகள். சிப் வாங்கியாகிவிட்டது, அதற்குள் நிரலை எப்படி ஏற்றுவது? தனியாக ப்ரோக்ராமர் கருவி வாங்கினால் மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. இங்கேயும் பிரிண்டர் போர்ட்தான் கைகொடுக்கும். அந்தத் துளைகளில் சிலவற்றை இழுத்து, நடுவில் நாலைந்து ரெசிஸ்டரோ ஒரு பஃபர் சிப்போ வைத்து, நேராக சிப்பின் கால்களில் கொடுத்தால் ப்ரோக்ராமர் தயார். ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டினால் பி.சி.யோடு இணைக்கிற இந்த மாதிரி சர்க்யூட்டுகள் அடிக்கடி கண்ணில்படும்.

அபாயமும் இருந்தது. ஆரம்பகால பி.சி.யில் பிரிண்டர் போர்ட் தனி அட்டையில் வந்தது. எரிந்தால் அட்டையைக் கழற்றி வேறு போடலாம். பிறகு அது மதர்போர்டிலேயே ஒரு சிப்புக்குள் போய்விட்டது. தவறான கம்பியில் தவறான வோல்ட் போனால் வீட்டின் ஒரே கணினிக்கே ஆபத்து. ‘நோண்டாதே’ என்ற வசனத்துக்கு அப்போதுதான் உண்மையான பொருள் கிடைத்தது.

கதவு சாத்தப்பட்ட விதம்

அந்த 25 துளைகளை யாரும் சதி செய்து மூடவில்லை. மூன்று திசைகளிலிருந்து மூன்று நியாயமான காரணங்கள் வந்தன.

முதலாவது, இயங்குதளம். டாஸில் ஒரு நேரத்தில் ஒரே நிரல், அதற்கு மொத்த இயந்திரமும் சொந்தம். பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது அப்படி விட முடியாது. ஒரு நிரல் கிறுக்குத்தனம் செய்தால் எல்லாமே விழும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வீடுகளுக்கு வந்தபோது, சாதாரண நிரல்கள் நேரடியாகப் போர்ட்டைத் தொடுவது தடுக்கப்பட்டது. அதே டர்போ சி ஒற்றை வரியை இப்போது விண்டோஸ் நிரலில் எழுதினால் பிழைச் செய்தி வரும். லினக்ஸிலும் ரூட் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடலாம். மென்பொருள்காரனாக இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு வலைத்தளத்தின் நிரல் என் கணினியின் கம்பிகளைத் தொட வேண்டுமா என்ன?

இரண்டாவது, யூ.எஸ்.பி. 1996இல் முதல் வரையறை வந்தது. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்டுகளைத் தூக்கிவிட்டு அதையே முழுதாக நம்பியது. அதற்கு முன் ஒரு கருவியைப் பொருத்துவதென்றால் கணினியை அணைக்க வேண்டும், ஜம்பர்களை மாற்ற வேண்டும், இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று மோதினால் சாமி கும்பிட வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்தெல்லாம் யூ.எஸ்.பி. விடுதலை கொடுத்தது. ஆனால் அது பேச்சுவார்த்தை நடத்துகிற போர்ட். செருகியதும் கணினி ‘நீ யார்?’ என்று கேட்கும். எதிர்முனையில் இருப்பது தன் நிறுவன எண், பொருள் எண் எல்லாம் ஒப்பிக்க வேண்டும். பிறகு அதற்கேற்ற டிரைவர் வேண்டும். ஒரு எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் இதற்குப் பதில் சொல்லாது. ஒரு விளக்கை நிரலால் எரிக்க வேண்டுமானால் எதிர்முனையிலும் யோசிக்கத் தெரிந்த ஒரு சிப் இருந்தாக வேண்டும். யூ.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றுகிற கேபிள் விற்றார்களே என்று கேட்கலாம். அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும். 378 என்ற முகவரிக்கு மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். லேப்டாப்போடு ஹாஸ்டலுக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கேபிளை வாங்கிவந்து ஏமாந்தார்கள்.

மூன்றாவது, தடிமன். அந்த 25 துளை இணைப்பானின் உயரம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே கால் சென்டிமீட்டர். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். தடித்த பக்கத்தில் 19.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கத்தில் 4 மில்லிமீட்டர். அதில் நினைவகம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. 2012இல் ரெட்டினா திரையோடு வந்த மேக்புக் ப்ரோவில் நினைவகம் சால்டர், பேட்டரி பசை. பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடுகிற ஐஃபிக்ஸிட் நிறுவனம், தாங்கள் பிரித்ததிலேயே பழுதுபார்க்க மிகக் கடினமான லேப்டாப் அதுதான் என்றது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. வாங்குகிறவர்கள் மெல்லியதைத்தான் கேட்டார்கள். நானும் தோளில் பையை மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் போகிறவன்தான், ஒரு கிலோ குறைந்தால் வேண்டாம் என்றா சொல்வேன்.

மூன்று நியாயங்கள் சேர்ந்து ஒரு இழப்பைக் கொண்டுவந்தன. நிரல் எழுதுகிற இயந்திரமும் நோண்டுகிற இயந்திரமும் ஒன்றாக இருந்த காலம் முடிந்தது.

ஒரு பாரும் ஒரு பல்கலைக்கழகமும்

வடக்கு இத்தாலியில் இவ்ரியா என்று ஒரு சின்ன ஊர். ஒலிவெட்டி நிறுவனம் பிறந்த இடம். 1965இல் ப்ரோக்ராமா 101 என்ற, மேசையில் வைக்கிற நிரல் கணக்குப்பொறியைச் செய்தவர்கள். அந்த ஊரில் 2000களின் தொடக்கத்தில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடம் இயங்கியது. அங்கே படித்தவர்கள் கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள். தொட்டால் ஒளிர்கிற, நகர்ந்தால் பேசுகிற பொருள்களைச் செய்ய ஆசை. எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது.

கொலம்பியாவிலிருந்து வந்திருந்த எர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற போர்டையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கினார். அதை அடித்தளமாக வைத்து, இன்னும் மலிவாக, 2005இல் மாசிமோ பான்சியும் சகாக்களும் ஆர்டுவினோவைக் கொண்டுவந்தார்கள். பான்சி அடிக்கடி போகும் பாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த பாருக்கோ ஆயிரம் வருடத்துக்கு முன் ஆண்ட ஒரு ராஜாவின் பெயர். பர்ராகானின் பங்கு வெகுகாலம் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆர்டுவினோவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது என்ன செய்கிறது என்று புரிந்துவிடும். ஒரு முனையில் யூ.எஸ்.பி. கணினி ‘நீ யார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு சிப். மறுமுனையில் வரிசையாகத் துளைகள். பதின்மூன்றாம் துளையில் ஒரு எல்.இ.டி. முதல் பாடம், அதை எரித்து அணைப்பது. பி.சி.யின் முதுகிலிருந்து பிடுங்கப்பட்ட அதே துளைகள், தனிக் குடித்தனம் போய்விட்டன. சர்க்யூட் படம் திறந்த உரிமத்தில் வெளியானதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீனத்து நகல்கள் ரிச்சி தெருவில் குவிந்தது அப்படித்தான்.

கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டன் வேறொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார். கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை குறைவதையும், வருகிறவர்களுக்கு முன்னனுபவம் குறைவதையும் அவர் கவனித்தார். 1980களில் பி.பி.சி. மைக்ரோ மாதிரியான கணினிகளை நோண்டி வளர்ந்த பிள்ளைகள் போய், கணினியைப் பயன்படுத்த மட்டும் தெரிந்த பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் இருக்கும் கணினி விலை அதிகம், எல்லோருக்கும் அது தேவை, பிள்ளை அதைக் கெடுத்துவிடக் கூடாது. அப்படியென்றால் கெட்டாலும் பரவாயில்லை என்கிற விலையில் ஒரு கணினி வேண்டும். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. ஒரு ஓரத்தில் 26 ஊசிகள், பிறகு 40. லினக்ஸ் ஓடும், விளக்கும் எரியும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 2011 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அதுதான் முதல் கணினி. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதிச் சம்பாதிக்கிற பலர் அந்த லேப்டாப்பில்தான் தொடங்கினார்கள். அந்த வீடுகளில் அப்டனின் வாதம் இன்னும் பல மடங்கு பொருந்தும். அதைப் பிரித்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? பிரித்தால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? கெடுக்கும் உரிமை கொஞ்சமாவது இருப்பவருக்குத்தான் கற்கும் உரிமை முழுதாகக் கிடைக்கிறது. நூறு ரூபாய்ப் பொருளில் அது சாத்தியம், வீட்டின் ஒரே லேப்டாப்பில் இல்லை. தனிக் குடித்தனம் போன துளைகள் செய்த நன்மை இது.

லினஸ் வாங்கிய லேப்டாப்

லினஸ் டோர்வால்ட்ஸின் முதல் கணினி அவருடைய தாத்தாவின் கமோடோர் விக்-20. அடுத்து சின்க்ளேர் கியூ.எல். அன்றைய ஃபின்லாந்தில் அதற்கு மென்பொருள் கிடைப்பது கஷ்டம். எடிட்டரையும் அசெம்ப்ளரையும் தானே எழுதிக்கொண்டார். ஃப்ளாப்பி கன்ட்ரோலர் வாங்கினார், அதோடு வந்த டிரைவர் பிடிக்கவில்லை, அதையும் எழுதினார். 1991 ஜனவரியில் தவணை முறையில் ஒரு 386 பி.சி. வாங்கினார். லினக்ஸ் அதில்தான் பிறந்தது. ஐ.பி.எம். கையேட்டின் பரம்பரையில் வந்த, வன்பொருளோடு நேரடியாகப் பேசவிட்ட ஒரு பெட்டியில்.

அதே லினஸ் பிற்காலத்தில் மேக்புக் ஏரில் லினக்ஸ் போட்டுக்கொண்டு பயணம் செய்தார். எடை குறைவு, சத்தம் குறைவு. அவருக்கு அது போதும். 2022இல் லினக்ஸ் 5.19ஐ ஆப்பிளின் சொந்த சிப் உள்ள லேப்டாப்பிலிருந்து வெளியிட்டார். அதில் லினக்ஸை ஓட வைத்தது அசாஹி என்ற தன்னார்வலர் குழு. ஆப்பிள் கையேடு கொடுக்கவில்லை. மாற்று இயங்குதளம் ஏற்றுவதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, சோதித்து, ஊகித்துக் கண்டுபிடித்தார்கள். 1981இல் கடையில் அச்சிட்டு விற்கப்பட்ட அறிவை 2022இல் மாதக்கணக்கில் துப்பறிந்து மீட்க வேண்டியிருந்தது.

2025 ஜனவரியில் லினஸ் தன் வழக்கமான கர்னல் அறிவிப்புக் கடிதத்தின் நடுவே ஒரு விஷயம் எழுதினார். விடுமுறையில் கிடார் பெடல் கிட்டுகளைச் சால்டர் செய்துகொண்டிருந்ததாகவும், கர்னல் எழுதுகிற யாராவது ஒருவருக்கு ஒரு பெடல் செய்து அனுப்பத் தயார் என்றும். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. நோண்டுவதில் உள்ள சுகம்தான் காரணம். கோடிக்கணக்கான கருவிகளுக்குள் ஓடுகிற நிரலின் சொந்தக்காரர், மூடிய லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து மேசையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்குகிறார். நம் காலத்து மென்பொருள்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

எட்டுக்கால் கிளிப்

இன்னொரு கூட்டம் இருக்கிறது, திங்க்பேட் பக்தர்கள். 1992இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் திங்க்பேட் லேப்டாப்பை வடிவமைத்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானியர். ஜப்பானியரின் கறுப்புச் சாப்பாட்டுப் பெட்டியை மனதில் வைத்து வரைந்தார். வெளியே சாதுவான கறுப்பு, திறந்தால் உள்ளே சிவப்புப் புள்ளி. பக்தர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது வடிவம் மட்டுமில்லை. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றின் நீளம் என்ன என்று சொல்லும் பராமரிப்புக் கையேடு யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைத்தது. 2005இல் அந்தப் பிரிவு லெனோவோ கைக்குப் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

ஆனால் திங்க்பேடிலும் ஒரு பூட்டு உண்டு. 2012இல் வந்த எக்ஸ்230ஐ எடுத்துக்கொள்வோம். கம்பெனிகள் கழித்துவிட்டவை, பழைய லேப்டாப் கடைகளில் வெகுகாலம் சல்லிசாகக் கிடைத்தவை. அதன் வைஃபை அட்டையைக் கழற்றிப் புதிதாக, வேகமாக ஒன்றை மாட்டினால், ‘அங்கீகரிக்கப்படாத நெட்வொர்க் அட்டை’ என்று கறுப்புத் திரையில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். பயாஸுக்குள் ஒரு பட்டியல்; அதில் பெயர் இருந்தால்தான் உள்ளே அனுமதி. ரேடியோ அலைச் சான்றிதழ் விதிகள் காரணமாகச் சொல்லப்பட்டன.

இங்கேதான் கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. பயாஸ் இருப்பது எட்டுக் கால் உள்ள சின்ன ஃப்ளாஷ் சிப்பில். எக்ஸ்230இல் அப்படி இரண்டு. கீபோர்டையும் பாம்ரெஸ்டையும் கழற்றினால் கண்ணில்படும். துணி உலர்த்தும் கிளிப்பின் குட்டி வடிவம் மாதிரி ஒரு எட்டுக்கால் கிளிப்பை அந்தச் சிப்பின் மேல் கவ்வவிட்டு, அதிலிருந்து கம்பிகளை ஒரு ராஸ்பெர்ரி பையின் ஊசிகளுக்கு இழுக்க வேண்டும். சிப் கேட்பது 3.3 வோல்ட். பை கொடுப்பதும் அதுவே. முதலில் உள்ளே இருப்பதை இரண்டு மூன்று தடவை படித்து, எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை எழுதலாம். 1999இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கிய திட்டத்தின் இன்றைய பெயர் அது. மறுபடி ஸ்க்ரூக்களைப் போட்டு இயக்கினால் பட்டியல் போயிருக்கும். எந்த வைஃபை அட்டையும் ஓடும்.

லேப்டாப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட துளைகள், பிள்ளைகள் கெடுத்தாலும் பரவாயில்லை என்று செய்த 35 டாலர் போர்டில் குடியேறின. அந்த போர்டே திரும்பி வந்து லேப்டாப்பின் பூட்டைத் திறக்கிறது.

ஆனால் இந்த வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. 2013 முதல் இன்டெல் ப்ராசசர்களில் பூட் கார்டு என்ற வசதி வந்தது. தயாரிப்பாளர் விரும்பினால் தன் சாவியின் அடையாளத்தைச் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதித்துவிடலாம். அதன் பிறகு அந்தச் சாவியால் கையெழுத்திடப்படாத பயாஸ் ஓடாது. கிளிப் போட்டு எழுதினாலும் இயந்திரம் மதிக்காது. இதற்கும் நியாயமான காரணம் உண்டு. நம் கணினி ஐந்து நிமிடம் வேறொருவர் கையில் சிக்கினால் இதே கிளிப் வித்தையை அவரும் செய்யலாமே. பாதுகாப்பு வேண்டியதுதான். சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. நம் வீட்டுக்குப் பூட்டுப் போட்ட கொத்தனார் சாவியைத் தானே வைத்துக்கொண்டால், வீடு பத்திரமாக இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோமா?

எதை வாங்குவது

எதிர்த்திசையில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸின் பூட்டை உடைத்துப் புகழ்பெற்ற பன்னி ஹுவாங், ஷான் கிராஸ் என்பவரோடு சேர்ந்து 2014இல் நொவேனா என்ற லேப்டாப்பைச் செய்தார். முழு சர்க்யூட் படமும் வெளியில். மதர்போர்டிலேயே நாம் விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் எஃப்.பி.ஜி.ஏ. சிப். கூட்ட நிதியில் சில நூறு பேருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய வியாபாரமாக வளரவில்லை. 2021இல் ஃப்ரேம்வொர்க் வந்தது. நினைவகம், பேட்டரி, திரை, ஏன் மதர்போர்டையே வாங்கியவர் மாற்றலாம். பக்கவாட்டுப் போர்ட்டுகள் கழற்றி மாட்டும் அட்டைகள். அந்த அட்டைகளின் அளவுப் படங்களை வெளியிட்டுவிட்டதால், உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வைத்துத் தங்களுக்கான போர்ட்டைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் உண்டு. 2024இல் லெனோவோவும் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து திங்க்பேட் டி14இன் புதிய வடிவத்தைக் கழற்ற எளிதாக்கியது. பத்துக்கு ஒன்பது வாங்கியது.

நண்பர்கள் என்னிடம் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கும்போது இப்போதெல்லாம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். அடிமூடி சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் கழறுமா? பிரிக்கும் கையேடு இலவசமாகக் கிடைக்கிறதா? நினைவகம், எஸ்.எஸ்.டி., பேட்டரி மூன்றில் எத்தனையை மாற்றலாம்? மூன்றுக்கும் ஆமாம் என்ற பதில் கிடைப்பது அரிது, அதற்காக எடையிலோ திரையிலோ பேட்டரி நேரத்திலோ ஏதாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, லினஸே விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். மூடிய பெட்டியை வாங்கினால் பக்கத்தில் ஒரு சின்ன போர்டும் ஒரு சால்டரிங் அயர்னும் இருக்கட்டும். வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், அதைக் கெடுத்தாலும் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் சரிபார்க்கும் கடைகளின் மேசையில், பிரித்துப் போட்ட மதர்போர்டின் மேல் எட்டுக்கால் கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். மறந்துபோன பயாஸ் பாஸ்வேர்டை நீக்குவார்கள், அப்டேட்டில் செத்துப்போன சிப்புக்குப் பழைய நகலை ஏற்றுவார்கள். கோர்பூட் என்ற பெயரைக் கேட்டால் அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கால் எந்த வோல்ட் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.